ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஐந்து வகுப்புகள். மொத்தம் அறுபது பிள்ளைகள். அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்?

ஐந்து என்று சொன்னால் நீங்கள் பிள்ளை பெற்றவர். இரண்டு என்று சொன்னால் நீங்கள் சட்டம் படித்தவர்!

2009ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை அதுதான் சொல்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். 121ஐத் தொட்டால்தான் ஐந்தாவது ஆசிரியர். அதே அட்டவணை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் குரலை மாற்றிக்கொள்கிறது. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருந்தே ஆக வேண்டும். அறிவியலுக்கும் கணக்குக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று பிரித்தே சொல்லிவிட்டது. அதாவது எழுதப் படிக்கத் தெரிந்துவிட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பை எண்ணி ஆசிரியர். 'அ' எந்தப் பக்கம் சுழியும் என்று தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தலையை எண்ணி ஆசிரியர். இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

திருச்சியில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் இளைத்துப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே எல்லோரும் சொல்வது ஆங்கில மோகம், டை மோகம், வேன் மோகம். பொய் இல்லை. ஆனால் பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு இந்த அட்டவணையைச் சாட்சியாகக்கூட அழைக்காமல் விடுவதுதான் வேடிக்கை.

முதலில் அந்தப் பள்ளிகளில் யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். பாலக்கரை, பீமநகர், வரகனேரி, உறையூர், தென்னூர் என்று உய்யக்கொண்டான் வாய்க்காலின் இரு பக்கமும் உள்ள தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரின் மகள். பிரியாணிக் கடை மாஸ்டரின் மகன், வீட்டில் உருது. துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை, வீட்டில் தெலுங்கு. சகாய மாதா கோயில் தெருப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் இரட்டைப் பிள்ளைகள். கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்தின் பையன். நேற்றுத்தான் ஊருக்கே வந்தவன். விமான நிலையப் பக்கம் கொட்டப்பட்டு முகாமில் பல பத்தாண்டுகளாக இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளிகள்தான். இத்தனை பேச்சு, இத்தனை சாமி, இத்தனை சமையல் வாசனை ஒரே ஓட்டுக் கட்டடத்துக்குள் வேறு எங்கே சேர்கிறது? கட்டணம் வாங்கும் பள்ளி எதுவாக இருந்தாலும் அதன் வாசலிலேயே ஒரு சல்லடை இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிக்குச் சல்லடை கிடையாது. பிறப்புச் சான்று இல்லையென்றால்கூடப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

இந்தக் கலப்பு தானாக வந்ததில்லை. 1920களில்கூட ஆதிதிராவிடப் பிள்ளைகளை உள்ளே விடாத பொதுப் பள்ளிகள் மதராஸ் மாகாணம் முழுக்க இருந்தன. பள்ளிக்கூடம் அக்ரகாரத்துக்குள் இருக்கும். அந்தத் தெருவிலேயே அவர்கள் நடக்க முடியாது. பிறகு எப்படிப் பள்ளிக்கு வருவது? அவர்களுக்கென்று தொழிலாளர் துறை தனிப் பள்ளிகள் நடத்த வேண்டியிருந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரும் தெருப் பள்ளி என்பது மனுப் போட்டு, சண்டை போட்டு, அரசாணை வாங்கி, மெல்ல மெல்லக் கிடைத்த ஒன்று. திருச்சி நகராட்சி 1866ல் வந்தது. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் தனித்தனி நகராட்சிகளாக இருந்து, 1994ல் திருச்சியோடு சேர்ந்து மாநகராட்சி ஆனது. நகராட்சிப் பள்ளி என்ற பெயர்ப்பலகை மாநகராட்சிப் பள்ளி என்று மாறியதும் அப்போதுதான்.

சரி, இனி வகுப்பறைக்குள்.

இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் தலைமை ஆசிரியர், இன்னொருவர் இடைநிலை ஆசிரியர். தலைமை ஆசிரியர் என்றால் தனி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு பேரில் அவரும் ஒருவர், பாடம் எடுத்தாக வேண்டும். வழக்கமாக ஒருவருக்கு ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு. இன்னொருவருக்கு நான்கு, ஐந்து. ஒரே அறையில் இரண்டு கரும்பலகை எதிரெதிர்ச் சுவரில் இருக்கும். பிள்ளைகள் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் 'கங்கணம்', 'சங்கு'. டீச்சர் இங்கே திரும்பினால் அங்கே சத்தம், அங்கே திரும்பினால் இங்கே சத்தம்.

(மாநகராட்சிப் பள்ளியில் 'டீச்சர்', வேன் வரும் பள்ளியில் 'மிஸ்'. இந்த ஒரு சொல்லை வைத்தே பிள்ளை எங்கே படிக்கிறது என்று திருச்சியில் கண்டுபிடித்துவிடலாம்.)

சட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று விதித்திருக்கிறது. ஒரு டீச்சர் மூன்று வகுப்பைப் பார்த்தால் அந்த 800 மணி மூன்றாகப் பிரிகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டீச்சரின் முகம் தன் பக்கம் திரும்பியிருப்பது ஆண்டுக்கு 267 மணி நேரம். நாளைக்கு ஒரு மணி இருபது நிமிடம். மீதி நேரம் 'எழுதிக்கிட்டு இரு, வர்றேன்'. இதுவும் இரண்டு பேரும் வந்திருக்கும் நாள் கணக்குத்தான். வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டம், குறுவள மையப் பயிற்சி, எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலை என்று ஒருவர் போய்விட்டால் அன்று ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். அன்றைய கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த உருது வீட்டுப் பையனையும் தெலுங்கு வீட்டுப் பெண்ணையும் ஒடிசாப் பையனையும் இந்த அறையில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு டீச்சர் திரும்பாத நேரத்திலும் மொழி வந்துகொண்டுதான் இருக்கும். வீட்டில் அப்பத்தா பேசுவாள், டிவி பேசும், பஸ்ஸில் பலகை இருக்கும். வேறு மொழி வீட்டுப் பிள்ளைக்குப் பாடத் தமிழ் கிடைக்கும் ஒரே கடை டீச்சரின் வாய்தான். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, தப்பாகச் சொல்லி, திருத்தி வாங்கி, மறுபடி சொல்லித்தான் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் ஏறும். 'படம்' என்றால் சினிமா மட்டுமில்லை, 'பாடம்' வேறு 'பாட்டம்' வேறு என்று காதில் விழ வேண்டும். இதற்கு அட்டை போதாது, நோட்டு போதாது, ஸ்மார்ட் டிவியும் போதாது. டிவி பிள்ளை சொல்வதைக் கேட்காதே! எந்தப் பள்ளியில் வீட்டு மொழிகள் அதிகமோ அங்கே பிள்ளைகளைக் கேட்கும் காதும் அதிகமாக வேண்டும். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஒரே மாதிரி வீட்டிலிருந்து ஒரே மாதிரிப் பிள்ளைகள் வரும் கட்டணப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு மிஸ். பத்து விதமான வீட்டிலிருந்து வரும் பள்ளியில் மூன்று வகுப்புக்கு ஒரு டீச்சர்.

இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அப்படி நன்றாக நடத்த முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் சுற்றுக் கிராமங்களுக்காக அட்டைகளையும் ஏணிப் படிகளையும் வைத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை எல்லாம் அதில் வந்தவைதான். கொலம்பியாவின் மலைக் கிராமங்களில் 1970களில் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா' பள்ளிகளும் இதே வழிதான். கொரோனாவுக்குப் பிறகு 2022ல் இங்கே வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெயர் அழகாகவே இருக்கிறது. ஆனால் ரிஷிவேலி முறை பிறந்தது வேறு வழியில்லாத இடத்துக்காக. மலையடிவாரத்தில் இருபது பிள்ளைகள் உள்ள குக்கிராமத்துக்கு ஐந்து ஆசிரியரை அனுப்ப முடியாது என்பதைப் புரிந்துகொள்ளலாம். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கும் அதே காரணம் சொன்னால் எப்படி? டவுன் பஸ் போகும் ஊர் ஐயா இது!

வகுப்பில் தலை குறைந்தால் படிப்பு கூடுமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டுகள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் வகுப்பிலும் சிலரை 22 முதல் 25 பேர் வகுப்பிலும் போட்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் போனார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கிடைத்த பலன் இன்னும் அதிகம். அங்கே சோதனை 15க்கும் 22க்கும் நடுவில். எல்லோரும் ஒரே வகுப்புப் பிள்ளைகள். இங்கே 36 பேர், அதிலும் மூன்று வகுப்புப் பிள்ளைகள்.

இதில் இன்னொரு சுழல் இருக்கிறது. அதுதான் விஷயத்தின் மையம்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். ஒரு பள்ளியில் 62 பேர் இருந்தால் மூன்று ஆசிரியர். அடுத்த ஆண்டு அதே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறார்கள். 60. மூன்றாவது டீச்சர் 'உபரி' ஆகிவிடுகிறார். பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். மிச்சம் அறுபது பிள்ளைகளும் அங்கேயேதான் இருக்கிறார்கள், அவர்களுடைய ஐந்து வகுப்பும் அங்கேயேதான் இருக்கிறது. ஆசிரியர் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார். அடுத்த ஜூனில் சேர்க்கைக்கு வரும் தாய் முதலில் கேட்பது என்ன?

"ஏங்க டீச்சர், அஞ்சு கிளாசுக்கும் நீங்க ரெண்டு பேருதானா?"

"ஆமாம்மா. நல்லா பாத்துக்குவோம்மா."

பார்த்துக்கொள்வார்கள்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாய் வீட்டுக்குப் போய் யோசிப்பாள். நகையை அடகு வைத்தாவது தெருமுனை நர்சரி பள்ளியில் சேர்த்துவிடுவாள். அங்கே இருக்கும் மிஸ் பயிற்சி பெற்றவரா, என்ன சம்பளம் வாங்குகிறார் என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். தன் பிள்ளையின் வகுப்புக்கு என்று ஒரு ஆள் நிற்கிறாளா, அதுதான் அவளுக்கு வேண்டும். இதை ஆங்கில மோகம் என்று சொல்லி முடித்துவிட முடியுமா? 2012-13க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவு தொடங்கினார்கள். மோகம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அதோடு வேன்கள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இருக்கிற இரண்டு ஆசிரியரே தமிழ் வழியையும் ஆங்கில வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

வேன் என்றதும் ஸ்ரீரங்கத்தைச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குக் காவிரிப் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும், தீவிலிருந்து திருச்சிப் பக்கம் போகும் பள்ளி வேன்களின் வரிசை. ஸ்ரீரங்கத்தின் கதை பாலக்கரையின் கதை மாதிரி இல்லை. அங்கே நடுத்தர வர்க்கம் நகராட்சிப் பள்ளியை எப்போதுமே அவ்வளவாக நம்பி இருந்ததில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகள் இருந்தன. எழுத்தாளர் சுஜாதா படித்த ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி 1896ல் தொடங்கியது. சித்திரை வீதிக்காரர்களும் அடையவளஞ்சான் தெருக்காரர்களும் தமிழ் வழியில் அங்கே படித்துவிட்டு, பாலம் தாண்டிக் கல்லூரிக்குப் போனார்கள். அது முழுக்க அரசுப் பள்ளி இல்லைதான். ஆனாலும் ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த வீட்டுப் பேரன்கள் இன்று பாலம் தாண்டுகிறார்கள். ராஜகோபுரத்தடியில் பூக்கட்டுகிறவர், அம்மா மண்டபத்துப் படித்துறையில் கடை போட்டிருப்பவர், கொள்ளிடக் கரைப் பக்கத்துக் கூலிக்காரர் ஆகியோரின் பிள்ளைகள் மட்டும் தீவுக்குள் இருக்கிற பள்ளியிலேயே இருக்கிறார்கள். சாதியில், மொழியில் கலப்பு இன்னும் இருக்கிறது. பணத்தில் கலப்பு போய்விட்டது. ஒரு வக்கீலோ வங்கி ஊழியரோ தன் பிள்ளையைச் சேர்த்திருந்த காலத்தில் பள்ளியில் ஒரு டீச்சர் குறைந்தால் மறுநாளே ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போயிருக்கும். இப்போது மனு எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கா?

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல ஏற்பாடு. கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும் என்பதைத்தான் சட்டம் யோசிக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் இன்னொரு பிரிவையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு. கட்டணத்தை அரசு திருப்பிக் கொடுக்கும். ஓர் ஏழைத் தாயின் கண்ணால் பார்த்தால் இது வரம். அதைக் குறை சொல்லும் உரிமை வசதியுள்ள யாருக்கும் கிடையாது. ஆனால் பள்ளிக் கணக்கால் பார்த்தால், விண்ணப்பம் போடத் தெரிந்த, தேதி பார்த்து அலையத் தெரிந்த பெற்றோர்தான் முதலில் போகிறார்கள். அரசே பணம் கட்டி ஒரு பிள்ளையைப் பக்கத்துத் தெருத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆகஸ்ட் 1ல் 'பிள்ளை குறைந்துவிட்டது' என்று தன் பள்ளியின் ஆசிரியரை எடுத்துக்கொள்கிறது! கர்நாடகத்தில் 2018ல், அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் தர வேண்டியதில்லை என்று விதியை மாற்றினார்கள். மகாராஷ்டிரமும் 2024ல் அதையே முயன்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கதவை அடைத்துப் பிள்ளையைத் தக்க வைப்பது சரியான வழியாகத் தெரியவில்லை. போகிறவர்கள் போகட்டும். இருக்கிறவர்களின் டீச்சரை ஏன் கூடவே அனுப்ப வேண்டும் என்பதுதான் கேள்வி.

அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், அப்படிச் சொல்வது பெரிய பாவம். சோற்றில் தமிழ்நாடு செய்ததை வேறு யாரும் செய்ததில்லை. 1920ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் தொடங்கி, 1956ல் காமராசர், பிறகு 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். அந்தச் சத்துணவுத் திட்டத்தை அவர் தொடங்கி வைத்த இடமே திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள பாப்பாக்குறிச்சிதான். முதலில் கிராமங்களுக்கு, அதே செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரங்களில் உள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீண்டது. இருட்டோடு வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு உப்புமாவும் சாம்பாரும் பள்ளியில் காத்திருக்கிறது என்பது சாதாரண விஷயமா? சீருடை, செருப்பு, பை, புத்தகம், வண்ணப் பென்சில் எல்லாம் இலவசம், மதியம் முட்டை. வயிற்றுக்கு வேண்டியதைத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பது சரி. முட்டையை அப்படித்தான் கொடுக்க முடியும். டீச்சரையும் அதே மாதிரி தலையை எண்ணிக் கொடுப்பதுதான் இடிக்கிறது.

சின்னப் பள்ளிகளை இணைத்துவிட்டால் என்ன என்று அதிகாரிகள் கேட்பார்கள். நாற்பது பிள்ளைகள் வீதம் மூன்று பள்ளி, ஒன்றாகச் சேர்த்தால் 120. ஆளுக்கு இரண்டு வீதம் இருந்த ஆறு ஆசிரியரில் சட்டப்படி நான்கு பேர், கொஞ்சம் மனது வைத்தால் ஐந்து பேர், வகுப்புக்கு ஒருவர். கணக்கு பொருந்துகிறது. ஒரே தெருவின் இரு முனையில் இரண்டு பள்ளி இருந்தால் இணைப்பதில் தப்பில்லை என்றே சொல்லலாம். ஆனால் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. சாலை ரோட்டையும் பாலக்கரை ரவுண்டானாவையும் ஆறு வயதுப் பிள்ளை தனியாகத் தாண்ட முடியாது. கொண்டுபோய் விட வீட்டில் ஆள் இல்லை; எட்டாம் வகுப்பு அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். தூரம் கூடினால் அந்த அக்காவின் படிப்பும் சேர்ந்து கெடும். தவிர, நகரத்துக்கு நடுவில் காலியான பள்ளி மனை எத்தனை நாள் காலி மனையாக இருக்கும் என்பதும் ஊருக்குத் தெரியும். 2019ல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்கள் ஆக்குவதாக அரசு அறிவித்தது. சுழல் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது போதும்.

வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது புதுக் கோரிக்கை இல்லை. ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்கின்றன. 'அவர்களுக்கு வேலை வேண்டும், அதனால் கேட்கிறார்கள்' என்று ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளைகளின் பெற்றோர் கேட்டதில்லை, வரி கட்டுகிறவர்கள் கேட்டதில்லை. திருச்சியில் வீடு வைத்திருப்பவர் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கும். கட்டடம், குடிநீர், கழிப்பறை மாநகராட்சி பொறுப்பு. ஆசிரியர் நியமனம் பள்ளிக் கல்வித் துறை பொறுப்பு. கட்டடத்துக்கு அந்த வரியிலிருந்தும் திட்டங்களிலிருந்தும் பணம் வருகிறது. டைல்ஸ் போட்ட தரை, வர்ணம் அடித்த சுவர், சுவரில் கார்ட்டூன் யானை எல்லாம் வந்துவிட்டது. யானைக்கு முன்னால் நிற்கத்தான் ஆள் குறைவு.

தில்லைநகர்க்காரரும் சித்திரை வீதிக்காரரும் தங்கள் வார்டு மாநகராட்சிப் பள்ளிக்குள் கால் வைக்கும் நாள் ஒன்று உண்டு. வாக்குப்பதிவு நாள். அன்று அந்தச் சின்ன பெஞ்சுகளுக்கு நடுவில் வரிசையில் நின்று, சுவரில் உள்ள அரிச்சுவடியைப் பார்த்துவிட்டு, விரலில் மை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த அறையில் எத்தனை வகுப்பு நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்சம் இத்தனை என்றுதான் சொல்கிறது. அதற்கு மேல் தரக் கூடாது என்று மாநிலத்தை யாரும் தடுக்கவில்லை. காலை உணவு கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கொடுக்கவில்லையா? முதலில் மாநகராட்சிப் பகுதிகளில், வீட்டு மொழி வேறாக உள்ள பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளில், ஒன்றாம் வகுப்புக்கு மட்டுமாவது தனி ஆசிரியர் என்று தொடங்கலாம். மற்ற நான்கு வகுப்பையும் இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு வகுப்பு, அது சமாளிக்கக்கூடியது. மூன்றாண்டுக்கு எண்ணிக்கை குறைந்தாலும் ஆசிரியரை எடுப்பதில்லை என்று ஆகஸ்ட் 1 கணக்கை நிறுத்தி வைக்கலாம். பள்ளி மூச்சு விட்டு எழுந்திருக்க அந்த அவகாசமாவது வேண்டும். காலிப் பணியிடங்களில் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வைக்கும் முறை 2022லேயே வந்துவிட்டது. ஆனால் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய் என்று ஆரம்பித்துப் பிறகு 12,000 ஆக்கிய அந்தச் சம்பளத்தில் நல்லவர்கள் எத்தனை நாள் தங்குவார்கள்? நிரந்தரப் பணியிடம்தான் வேண்டும்.

பஞ்சப்பூரில் 2025 மே மாதம் பிரம்மாண்டமான பேருந்து முனையம் திறந்தார்கள். ஊருக்கு அது தேவைதான். மாநகராட்சியில் 65 வார்டுகள், 65 உறுப்பினர்கள். மாமன்றக் கூட்டத்தில் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை என்று கேள்விகள் வருகின்றன. 'என் வார்டுத் தொடக்கப் பள்ளியில் வகுப்பு எத்தனை, ஆசிரியர் எத்தனை' என்று ஒவ்வொருவரும் எழுந்து அந்த இரண்டு எண்ணையும் பதிவு செய்தால், நியமிக்கும் அதிகாரம் மாமன்றத்திடம் இல்லாவிட்டாலும், அந்தப் பட்டியலைத் தீர்மானமாகப் போட்டுச் சென்னைக்கு அனுப்ப முடியும். ஜூனில் சேர்க்கை முடியும். ஆகஸ்ட் 1க்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும்.